26 அடிப் பாய்ப்படகுக்கு எந்தக் கம்பி, எந்தக் கப்பி?

போன வருடம் போர்ட் டிக்சனுக்கு வெளியே, விடிவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு சுமத்ரா எங்களைப் பிடித்தது. மலாக்கா நீரிணையில் படகு ஓட்டுகிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, சுமத்ரா தீவுப் பக்கம் இரவில் மேகம் திரண்டு, நீரிணையைத் தாண்டி வந்து அடிக்கும் காற்றுமழை. ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் போய்விடும். ஆனால் அதற்குள் 10 நாட்ஸ் (மணிக்கு 10 கடல் மைல்) காற்று 40 நாட்ஸாக ஏறிவிடும்.

பெரிய பாயை நாங்கள் இன்னும் சுருக்கியிருக்கவில்லை. படகு சாயத் தொடங்கியதும், பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றைத் தளர்த்தினோம். அடுத்த நொடி டமார் என்று ஒரு சத்தம், பாயின் அடியில் இருக்கும் கிடைக்கம்பமான பூம் மேலே எகிறியது. டார்ச் அடித்துப் பார்த்தால், பூமைக் கீழே இழுத்துப் பிடிக்கும் வேங் அறுந்து தொங்குகிறது. கயிறு நன்றாக இருந்தது, கப்பியும் நன்றாக இருந்தது. அடியில் இருந்த ஷேக்கிள், அதாவது திருகாணி போட்டுப் பூட்டும் U வடிவ வளையம்தான் வாய் பிளந்திருந்தது. அதன் திருகாணி வாழைக்காய் மாதிரி வளைந்து, மரை பாதி பிய்ந்து போயிருந்தது. ஏதோ ஓர் இரும்புக் கடையில் அவசரத்துக்கு வாங்கியது. பளபளப்பாகத்தான் இருந்தது. எவ்வளவு தாங்கும் என்று அதில் எங்கும் பொறித்திருக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பாய்மரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் கம்பிகளுக்கும் பன்னிரண்டு வயது ஆகிவிட்டது, மாற்ற வேண்டிய நேரம். அதனால் ஷேக்கிளில் ஆரம்பித்து உச்சி வரை எல்லாவற்றையும் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எதற்கு எது பொருந்தும் என்று நான் வந்து சேர்ந்த முடிவுகளை, அதே முடிவை எடுக்க வேண்டியவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த வேங். என் பூமின் நீளம் 3.2 மீட்டர். வேங் மாட்டியிருக்கும் இடம் பாய்மரத்திலிருந்து 0.8 மீட்டர். பாயின் பின்னோரம் பூமின் நுனியை 100 கிலோ விசையோடு மேலே தூக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். தாமான் நுனியிலிருந்து நேராகக் கீழே இழுத்தால் அதற்கும் 100 கிலோதான் வரும். தாமானை விட்டுவிட்டால் அந்த வேலை முழுவதும் வேங்கின் தலையில் விழுகிறது. நெம்புகோல் கணக்கில் 3.2-ஐ 0.8-ஆல் வகுத்தால் நாலு மடங்கு. வேங் நேராகக் கீழே இழுப்பதில்லை, 45 டிகிரி சாய்வில் இழுக்கிறது. ஆகவே இன்னும் 1.41 மடங்கு. மொத்தம் 560 கிலோ. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும், அதாவது வேகம் இரட்டித்தால் விசை நாலு மடங்கு. அப்போது அந்த 560 இரண்டு டன்னைத் தாண்டுகிறது. விரல் தடிமன்கூட இல்லாத ஷேக்கிள் எப்படித் தாங்கும்? தாமானோடு வேங்கையும் விட்டிருக்க வேண்டும். படகில் சின்னதாகத் தெரியும் சாமானுக்குப் பெரிய சுமை வரும் இடம் இதுதான் என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தால் விட்டிருப்பேன்.

இதை ஒரு நண்பரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, கையில் ஒரு புது ஷேக்கிளை வைத்துக்கொண்டு கேட்டார்: “அண்ணே, ரெண்டாயிரம் கிலோன்னு போட்டிருக்கே, போதாதா?” அந்த எண் எதைச் சொல்கிறது என்று பார்த்தாக வேண்டும். அறுபடும் சுமை வேறு, வேலைச் சுமை வேறு. அறுபடும் சுமை என்பது ஆய்வுக்கூடத்தில் புத்தம்புது சாமானை ஒரே நேர்கோட்டில் மெதுவாக இழுத்தால் எங்கே உடையும் என்பது. வேலைச் சுமை என்பது தினம் தினம் வைத்து ஓட்டக்கூடியது. படகுக் கப்பிகளில் வேலைச் சுமை பெரும்பாலும் அறுபடும் சுமையில் பாதியாக இருக்கும். ஷேக்கிள்களில் அது இன்னும் குறைவாக, நாலில் ஒரு பங்காகக்கூடப் போட்டிருப்பார்கள். ஒரு தயாரிப்பாளரின் அறுபடும் சுமையை இன்னொருவரின் வேலைச் சுமையோடு ஒப்பிட்டுவிட்டு, ‘இது மலிவு, அதே பலம்’ என்று வாங்குவதுதான் நாம் அதிகம் செய்யும் தப்பு. எந்தச் சுமை என்று சொல்லாத எண்ணை நான் இப்போதெல்லாம் அறுபடும் சுமை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

சரி, கம்பிகளுக்கு வருவோம். ஷ்ரவுட் என்கிற பக்கக் கம்பிக்கு எவ்வளவு சுமை வரும்? காற்றை வைத்துக் கணக்குப் போடலாம் என்றுதான் முதலில் தோன்றும். பக்கக் கம்பிக்கு அது சரிப்படாது. காற்று கூடினால் படகு சாய்கிறது, சாயச் சாய பாயில் படும் காற்றும் குறைகிறது. காற்று ஒரு பக்கம் தள்ள, அடியில் இருக்கும் கனமான கீல் படகை நிமிர்த்தப் பார்க்க, இந்த இழுபறிக்கு நடுவில் இறுகுவதுதான் கம்பி. ஆகவே படகு நிமிர்வதற்கு எவ்வளவு முறுக்கோடு இருக்கிறதோ, அதுதான் கம்பியின் சுமைக்கு எல்லை. காற்று அதற்குமேல் எவ்வளவு அடித்தாலும் படகு இன்னும் சாயுமே தவிர, கம்பியின் சுமை பெரிதாக ஏறாது. கேட்டமரான் மாதிரி இரட்டை உடல் படகுகளில் இந்தச் சலுகை கிடையாது. அவை லேசில் சாயாது, வரும் காற்றையெல்லாம் கம்பிதான் வாங்க வேண்டும்.

இதை வீட்டுச் சாமான்களை வைத்தே அளக்கலாம். காற்றில்லாத ஒரு காலை, மரீனாவில் கட்டுக் கயிறுகளைத் தளர்த்திவிட்டு, மூன்று நண்பர்களைப் படகின் ஒரே ஓரத்தில் நிற்கவைத்தேன். மூவரும் சேர்ந்து 210 கிலோ. ஓரத்துக்கும் நடுக்கோட்டுக்கும் 1.2 மீட்டர். பெருக்கினால் நெம்புவிசை 252. கேபின் தரையில் வைத்த போனில் மட்டம் காட்டும் செயலி 7.5 டிகிரி சாய்வு காட்டியது. அப்படியென்றால் ஒரு டிகிரிக்குச் சுமார் 33, 30 டிகிரிக்கு ஏறக்குறைய 1,000. கம்பி தளத்தில் மாட்டியிருக்கும் செயின்பிளேட் நடுக்கோட்டிலிருந்து 1.1 மீட்டர் தள்ளி இருக்கிறது. ஆயிரத்தை 1.1-ஆல் வகுத்தால் 900 சொச்சம். அலையில் படகு தூக்கிப் போடுவதற்காக ஒன்றரை மடங்கு சேர்த்தால் 1,360 கிலோ. காற்றுப் பக்கத்துக் கம்பிகள் எல்லாம் சேர்ந்து தாங்க வேண்டியது இவ்வளவு. உச்சிக்குப் போகும் கம்பிக்கு அதில் பாதி என்று வைத்தால் 680. மூன்று மடங்கு பாதுகாப்பு வைத்தால் 2,040 கிலோ. 19 இழை முறுக்கிய 5 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி, 316 ரகம், புதிதில் சுமார் 2,000 கிலோவில் அறுபடும். படகில் பழையபடி இருந்ததும் 5 மி.மீ. தான். படகைக் கட்டியவர்களின் கணக்கும் என் கணக்கும் ஒத்துப்போனதில் எனக்கு ஒரு நிம்மதி. இது தோராயம்தான், ஆனாலும் கையில் ஓர் எண்ணோடு கடைக்குப் போக முடிகிறது.

இனி எந்தக் கம்பி என்பது. நிஜமான போட்டி இரண்டுக்குத்தான்: 316 ஸ்டீல் கம்பி, அல்லது டைனீமா என்கிற பலமான செயற்கை இழைக் கயிறு. ராட் என்கிற ஒற்றைத் தண்டுக் கம்பி பந்தயப் படகுகளுக்கானது. அதன் தலையை அமைக்கத் தனி இயந்திரம் வேண்டும், விரிசல் விட்டாலும் முன்கூட்டித் தெரியாது. என் மாதிரி படகுக்கு அது வேண்டாத வேலை. துத்தநாகம் பூசிய கம்பி மலிவு, துருப்பிடித்தால் வெளியே தெரிந்து எச்சரிக்கும் என்பது அதன் நல்ல குணம். ஆனால் உப்புக் காற்றில் எண்ணெய் தடவிக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

டைனீமாவைப் பற்றிக் கேள்விப்படுவதெல்லாம் அதன் பலம்தான். ஒரே தடிமனில் ஸ்டீலைவிட அதிகம் தாங்கும், எடையோ தண்ணீரில் மிதக்கிற அளவுக்குக் குறைவு. அது உண்மை. ஆனால் நிலைக்கம்பியாகப் போடும்போது பலத்தை வைத்து அளவு எடுப்பதில்லை. இழுத்த இழுப்பிலேயே வைத்திருந்தால் டைனீமா மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போகும், திரும்பிச் சுருங்காது. சுமை கூடினால் இந்த ஊர்தல் கூடும், வெப்பம் கூடினாலும் கூடும். எனவே ஊர்தலை அடக்கத்தான் தடிமனைக் கூட்டுகிறார்கள். என் 5 மி.மீ. ஸ்டீலுக்குப் பதிலாகச் சூடேற்றி இறுக்கிய 7 மி.மீ. டைனீமா போட வேண்டியிருக்கும். அது சுமார் 5 டன் தாங்கும். அவ்வளவு பலம் எனக்குத் தேவையில்லை, நீளாமல் இருப்பதற்காக மட்டும் அந்தத் தடிமன்.

எடை மிச்சம் எவ்வளவு என்றும் பார்த்தேன். என் படகில் மொத்தம் 60 மீட்டர் சொச்சம் கம்பி. ஸ்டீல் என்றால் எட்டு கிலோவுக்குக் கொஞ்சம் கீழே, டைனீமா என்றால் இரண்டு கிலோ. உயரத்தில் மிச்சமாகும் ஆறு கிலோ பந்தயக்காரருக்குப் பெரிய விஷயம். கீலில் கனத்தை வைத்துக்கொண்டு போர்ட் டிக்சனிலிருந்து பங்கோர் தீவுக்குப் போய்வரும் எனக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

அதற்காக டைனீமாவை ஒரேயடியாக ஒதுக்கவும் முடியாது. ஒரு குணத்துக்காக அதை ரொம்பவே மதிக்கிறேன்: எங்கே தேய்கிறது என்று கண்ணால் பார்க்கலாம், விரலால் தடவிப் பார்க்கலாம். நடுக்கடலில் ஒன்று போனால், ஒரு கோணூசியும் கொஞ்சம் கயிறும் இருந்தால் நாமே பின்னிக்கொள்ளலாம். நீண்ட தூரம் போகிறவர்கள் அதைத் தேர்ந்தெடுப்பதன் காரணம் எனக்குப் புரிகிறது. ஆனால் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருக்கும் படகுக்கு, வருடம் முழுக்க அடிக்கும் வெயிலும் வெக்கையும் அதற்கு ஒத்துவராது. புற ஊதாக் கதிர் மேலிழைகளைத் தின்னும், வெக்கை ஊர்தலைக் கூட்டும். கம்பியைப் பாய்மரத்திலிருந்து வெளியே தள்ளிப் பிடிக்கும் குறுக்குக் கையான ஸ்பிரெடரின் நுனியில் உரசும் இடத்தை அடிக்கடி பார்க்க வேண்டும். கடைசியில் நான் ஸ்டீலையே தேர்ந்தெடுத்தேன்.

ஸ்டீலின் பலவீனம் கம்பியில் இல்லை, அதன் முனையில் இருக்கிறது. இதைத்தான் நீட்டிச் சொல்ல வேண்டும். கம்பியின் முனையில் குழாய் மாதிரி ஒரு மூட்டைச் சொருகி, இயந்திரத்தால் நசுக்கி இறுக்குவார்கள். அதற்கு ஸ்வேஜ் என்று பெயர். மேல் முனையில் அந்தக் குழாயின் வாய் கீழே பார்க்கும், தண்ணீர் வழிந்துவிடும். கீழ் முனையில் வாய் மேலே பார்க்கும். கம்பி வழியாக இறங்கும் உப்புத் தண்ணீர் நேராக உள்ளே போய் அங்கேயே தங்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குக் காற்று பட்டால்தான் துரு தடுக்கும் மேற்படலம் நிலைக்கும். காற்றே புகாத இடுக்கில் உப்பு தங்கினால் உள்ளிருந்து அரிக்க ஆரம்பிக்கும். வெப்பமான கடலில் இது இன்னும் வேகம். வெளியே கம்பி வெள்ளி மாதிரி மின்னும், உள்ளே இழைகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கும்.

நான் பழைய கம்பிகளை இறக்கியதும் செய்த முதல் வேலை, கீழ்மூட்டுகளைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தது. எட்டுக் கம்பியில் இரண்டில், குழாயின் வாயோரம் தலைமுடி அளவுக்கு நெடுக ஒரு கோடு. விரலால் தடவினால் தெரியவில்லை, நகத்தை வைத்து இழுத்தால் தட்டியது. அந்த விரிசலோடுதான் அன்றைக்கு சுமத்ராவைக் கடந்து வந்திருக்கிறோம்.

அதனால் புதுக் கம்பிக்கு மேல்முனையில் ஸ்வேஜ், கீழ்முனையில் ஸ்பேனரால் திருகிப் பூட்டும் இயந்திர மூட்டு என்று முடிவு செய்தேன். இயந்திர மூட்டு விலை கூடுதல்தான். ஆனால் உள்ளே பசை நிரப்பித் தண்ணீர் புகாமல் செய்யலாம், கழற்றி உள்ளே பார்க்கலாம், கம்பி போனாலும் மூட்டைத் திரும்பப் பயன்படுத்தலாம். எல்லா முனையிலும் இதையே போட்டால் நல்லதுதான், ஆனால் பணம் அளவாக இருக்கிறவர்கள் கீழ்முனைக்கு முதலில் போடுங்கள்.

கம்பி புதிதாக மாட்டியதும் இறுக்கம் பார்க்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. 19 இழைக் கம்பியில் 2 மீட்டர் நீளத்துக்குக் குறி வைத்துக்கொண்டு இறுக்குங்கள். அந்த நீளம் ஒரு மில்லிமீட்டர் கூடினால், கம்பி எவ்வளவு தடிமனாக இருந்தாலும், அறுபடும் சுமையில் 5 சதவீதம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். 3 மில்லிமீட்டர் என்றால் 15 சதவீதம். பக்கக் கம்பிக்கு நான் அங்கே நிறுத்திக்கொள்கிறேன். தளர்வாக விட்டால் நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. அது தப்பு. காற்றில்லாப் பக்கம் தொய்ந்து ஆடும் கம்பிதான் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முனையில் மடங்கி மடங்கிச் சோர்ந்துபோகும்.

அப்புறம் கப்பிகள். ஒரு கப்பிக்குக் கயிற்றின் சுமை எவ்வளவோ அவ்வளவுதான் வரும் என்று நினைத்து வாங்குகிறோம். கயிறு அதில் எவ்வளவு திரும்புகிறது என்பதுதான் முக்கியம். கயிறு 30 டிகிரி மட்டும் திரும்பினால் கப்பிக்குக் கயிற்றுச் சுமையில் பாதி வரும். 60 டிகிரி என்றால் அதே சுமை. 90 டிகிரி என்றால் 1.41 மடங்கு. முழுக்கத் திரும்பி வந்த வழியே போனால் இரண்டு மடங்கு. என் முன்பாய் 20 சதுர மீட்டர். அதன் தாமானுக்கு வரும் சுமைக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: பரப்பை நாட்ஸின் வர்க்கத்தால் பெருக்கி, பிறகு 0.021-ஆல் பெருக்குவது. 20 நாட்ஸில் 168 கிலோ வருகிறது. பின்பக்கம் அந்தக் கயிற்றை, அதை இறுக்கும் உருளையான வின்ச்சுக்கு முழுக்கத் திருப்பிவிடும் கப்பிக்கு 336 கிலோ. அதே கயிறு, அதே காற்று, தளத்தில் முன்னால் இருக்கும் கப்பியில் 45 டிகிரிதான் திரும்புகிறது, அதற்கு 130 கிலோகூட வராது. இரண்டுக்கும் ஒரே அளவுக் கப்பி வாங்கினால் ஒன்றில் பணம் வீண், இன்னொன்றில் உயிருக்கு ஆபத்து. திருப்புக் கப்பி பிய்த்துக்கொண்டால் அது பறக்கும் வழியில்தான் நாம் உட்கார்ந்திருப்போம்.

குண்டு பேரிங் வைத்த கப்பியா, வெறும் அச்சு வைத்ததா என்பதிலும் விலையைப் பார்த்து மயங்கக் கூடாது. பெரிய பாயின் தாமான் மாதிரி விட்டும் பிடித்தும் ஓயாமல் ஓடும் கயிற்றுக்குக் குண்டு பேரிங் அருமை, விட்டதும் சரசரவென்று ஓடும். ஆனால் ஆஞ்சான், அதாவது பாயை ஏற்றும் கயிறு, ஒரு தடவை இறுக்கினால் பல மணி நேரம் அசையாமல் அதே சுமையில் நிற்கும். அங்கே குண்டுகள் ஒரே இடத்தில் நசுங்கித் தட்டையாகும், பிறகு கரகரவென்று உருளும். வேங்குக்கும் அதே கதைதான். ஆகவே ஆஞ்சானுக்கும் வேங்குக்கும் விலை குறைந்த அச்சுக் கப்பிதான் சிறந்தது. சிக்கனம் செய்ய வேண்டிய இடம் என்று படகில் ஒன்றைக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன்.

கயிற்றை மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. பாலியஸ்டர் தாமானை எடுத்துவிட்டு நீளாத டைனீமா போட்டால் பாய் துல்லியமாக நிற்கும். ஆனால் பின்காற்றில் பூம் தவறிப்போய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வீசும்போது, பாலியஸ்டர் கொஞ்சம் நீண்டு அந்த உதறலை வாங்கிக்கொள்ளும். டைனீமா வாங்காது. உதறல் அப்படியே கப்பிக்கும், தளத்தில் அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுக்கும் போகும். ஆகவே ஆஞ்சானுக்கு டைனீமா, தாமானுக்குப் பாலியஸ்டர் என்பது என் ஏற்பாடு. டைனீமாவில் முடிச்சுப் போடவும் வேண்டாம். முடிச்சில் பாதிப் பலத்துக்குமேல் போய்விடும், வழுக்கவும் செய்யும். முனையைப் பின்னிவிட்டால் பலம் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

வேங்குக்கு இப்போது 8 மி.மீ. அடித்துச் செய்த 316 ஷேக்கிள் போட்டிருக்கிறேன், வேலைச் சுமை மேலேயே பொறித்தது. போட்ட பிறகு அடுத்த கேள்வி வந்தது. ஷேக்கிள் பெரிதானால் அடுத்து உடையப் போவது எது? பாய்மரத்தில் ரிவெட் அடித்து ஒட்டியிருக்கும் வளையம். அது பிய்ந்தால் ஓட்டைகளோடு பாய்மரமே கெடும், ஷேக்கிளைவிடப் பல மடங்கு செலவு. அதனால் அந்த ரிவெட்டுகளையும் எடுத்துவிட்டுப் புதிதாக அடித்தேன், ஸ்டீலும் அலுமினியமும் நேராக ஒட்டி அரிக்காமல் நடுவே பசை தடவி. வேங்கின் கயிற்றை மட்டும் முன்பிருந்த மெல்லிய பாலியஸ்டராகவே விட்டிருக்கிறேன். ஏதாவது ஒன்று போக வேண்டும் என்றால் அந்தக் கயிறு போகட்டும்.

மிச்சம் இருப்பது முன்கம்பி. அது சுருட்டுப் பாயின் குழாய்க்குள் போவதால் வெளியே தெரியாது, நகம் வைத்துப் பார்க்க வழியில்லை. முன்பாய் பக்கவாட்டில் இழுக்கும்போது அதன் முனைகள் ஒவ்வோர் அலைக்கும் மடங்கும், அதனால் மேலும் கீழும் இரண்டு பக்கமும் அசையும் மூட்டான டாகிள் கட்டாயம். அதை மட்டும் கணக்குக்கு மேலாக ஓர் அளவு கூட்டி 6 மி.மீ. சொல்லியிருக்கிறேன். செயின்பிளேட்டின் துளையும் டாகிளின் திருகாணியும் புது அளவுக்குப் பொருந்துமா என்று சனிக்கிழமை அளக்க வேண்டும்.